'வாங்கு' என்னும் சொல்லும் ஆங்கிலத்துப் 'பை'யும்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், பழைய விமான நிலையச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது தொம்மலூர். அங்குள்ள சொக்கநாத சுவாமி திருக்கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் அவ்வூர் தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கபட்டணம் என்றும் வழங்கப்படுகிறது. 1270ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு கதவு நிலைகளை அளித்த செய்தியைக் கூறுகிறது. தமிழ்மொழி அப்பகுதிக்குப் புதிதன்று என்பதற்கு இவை சான்று.

இன்று அங்கு வாழும் தமிழர் பலர் வீட்டில் தமிழும், கடைத்தெருவில் கன்னடமும், அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசுகின்றனர். இம்மூன்று மொழிகளிலும் நாள்தோறும் தேவைப்படும் வினை ஒன்று உண்டு. அது பொருளை விலை கொடுத்துப் பெறுவதைக் குறிக்கும் வினை. தமிழில் 'வாங்கு' என்கிறோம். ஆங்கிலத்தில் 'பை' என்பர். மூன்றே எழுத்துடைய இச்சிறு சொல்லைக் கற்பது எளிதுதானே என்று தோன்றலாம். ஆயின் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் எழுதும் விண்ணப்பங்களிலும் கணக்குச் சீட்டுகளிலும் மிகுதியாக இடறுவது இச்சொல்லில்தான். காரணம் என்னவென்று காண்போம்.

'வாங்கு' என்பதற்குப் பழந்தமிழில் வளைத்தல், இழுத்தல் என்னும் பொருள்கள் உண்டு. வில்லை வாங்கினான் என்றால் வில்லை வளைத்தான் என்பது பொருள். தன்பால் இழுத்தல் என்னும் கருத்திலிருந்து, பிறரிடமிருந்து பெறுதல் என்னும் பொருள் வளர்ந்தது எனலாம். ஆகவே இச்சொல்லில் பணம் இன்றியமையாததன்று. ஒன்று நம்மை நோக்கி வருகிறது என்பதே முதன்மை. சம்பளம் வாங்குகிறோம், பரிசு வாங்குகிறோம், தேர்வில் மதிப்பெண் வாங்குகிறோம், நற்பெயர் வாங்குகிறோம், மாடிப்படி ஏறினால் மூச்சும் வாங்குகிறது!

ஆங்கிலத்துப் 'பை' என்னும் சொல்லோ விலையைப் பற்றியே நிற்பது. விலை கொடுத்தாலன்றி, கொடுப்பதாக உறுதி கூறினாலன்றி, அச்சொல்லுக்கு அங்கு இடமில்லை. எனவே சம்பளத்தைப் 'பாட்' என்று கூறினால், ஊதியத்தை விலைக்கு வாங்கியதாகப் பொருள்படும். சம்பளத்திற்கும் பரிசிற்கும் 'ரிசீவ்' அல்லது 'கெட்' என்றும், மதிப்பெண்ணுக்கு 'கெட்' அல்லது 'ஸ்கோர்' என்றும் கூறுதல் வேண்டும். ஐயம் எழும்போது, "இதற்கு விலை உண்டா?" என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளுதல் நல்ல வழி. உண்டு என்றால் 'பை'. இல்லை என்றால் வேறு சொல்.

கடன் பற்றிய வழக்கைத் தனியே கவனித்தல் நலம். 'கடன் வாங்கினேன்' என்பதும், 'கடனுக்கு வாங்கினேன்' என்பதும் தமிழில் ஓர் உருபினால் மட்டுமே வேறுபடுகின்றன. முன்னதற்கு ஆங்கிலத்தில் 'பாரோ' என்னும் வினை. அதாவது திருப்பித் தரும் எண்ணத்தோடு பெறுதல். பின்னதற்குப் 'பை' என்பதே பொருந்தும். ஏனெனில் பொருள் நமதாகிவிட்டது, விலை மட்டும் பின்னர் செலுத்தப்படும். அண்டை வீட்டாரிடம் ஏணியை வாங்கி வந்தேன் என்று தமிழில் கூறினால் இரவல் என்பது கேட்பவருக்கு விளங்கும். அதனையே ஆங்கிலத்தில் 'பாட்' என்று எழுதினால், ஏணி நமக்கே உரியது என்று ஆகிவிடும்.

பெங்களூரில் வழங்கும் வீட்டுப் போகியத்திலும் இவ்வேறுபாடு பெரிதாகும். ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் முன்னரே கொடுத்து, மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெறுவது அம்முறை. அங்கு இதனை 'லீஸ்' என்று கூறுவர். தமிழ்நாட்டில் ஒத்தி என்றும் வழங்கும். "தொம்மலூரில் ஒரு வீட்டைப் போகியத்திற்கு வாங்கியிருக்கிறேன்" என்பது பிழையற்ற தமிழ். ஆயின் ஆங்கிலப் படிவம் ஒன்றில் 'பாட் எ ஹவுஸ்' என்று அதனை எழுதுபவர், தமக்கு இல்லாத உடைமையைத் தமதென்று அறிவித்தவராவார். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம், விலைக்கு ஈடாக உடைமை கைமாறுவதையே விற்பனை என்கிறது. அவ்விலை கொடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம், கொடுப்பதாக உறுதி கூறப்பட்டதாகவும் இருக்கலாம். போகியத்தில் உடைமை கைமாறுவதில்லை. அங்கு 'டுக் ஆன் லீஸ்' என்று எழுதுவதே முறை.

இனி இச்சொல்லின் வடிவத்தைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இதன் முதலொலி, 'கம்பு', 'அன்பு' என்னும் சொற்களில் நாம் ஒலிக்கும் பகரத்தைப் போன்றது. 'பல்' என்பதிலுள்ள பகரத்தைப் போன்றதன்று. பின்னதைப் போல் ஒலித்தால் ஒருவகைத் தின்பண்டத்தின் பெயராகிவிடும். இதன் இறந்தகால வடிவம் 'பாட்'. இதனருகில் 'பிராட்' என்னும் மற்றொரு சொல் நின்று மயக்கம் விளைவிக்கிறது. 'பாட்' என்றால் வாங்கினேன். 'பிராட்' என்றால் கொண்டு வந்தேன். தொழிற்சாலை வாயிலில் ஒருவர் ஒரு கருவியைக் காட்டி, "வீட்டிலிருந்து கொண்டு வந்தேன்" என்பதற்கு மாறாக "வாங்கினேன்" என்று கூறினால், "எங்கே ரசீது?" என்னும் கேள்வி எழுவது இயல்பு. மருத்துவச் செலவைத் திரும்பக் கோருபவர் மருந்தை 'பிராட்' என்று எழுதினால், பணம் கொடுத்த செய்தியே அத்தொடரில் இல்லாமற் போகும். நினைவில் கொள்ள எளிய வழி ஒன்றுண்டு. 'பிரிங்' என்னும் வினையில் ரகரம் இருக்கிறது. அதன் இறந்தகாலமாகிய 'பிராட்' என்பதிலும் ரகரம் இருக்கும். 'பை' என்பதில் ரகரம் இல்லை. 'பாட்' என்பதிலும் இல்லை.

வினாத் தொடரிலும் கவனம் தேவை. தமிழில் "வாங்கினாயா?" என்று வினையே காலத்தைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் 'டிட்' என்னும் துணைவினை காலத்தைத் தாங்கிக்கொள்வதால், முதல்வினை தன் இயல்பான வடிவிலேயே நிற்கும். 'டிட் யூ பை' என்பது சரி. 'டிட் யூ பாட்' என்பது வழு.

வேற்றுமை உருபுகளில் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. "மகளுக்கு ஐந்நூறு ரூபாய்க்குப் பாவாடை வாங்கினேன்" என்னும் தொடரில் 'கு' உருபு இருமுறை வருகிறது. ஆங்கிலத்திலும் அவ்விரண்டிடத்தும் 'ஃபார்' என்பதே வரும். கடையில், கடைக்காரரிடம் என்னும் இரண்டிற்கும் 'ஃப்ரம்' என்பது போதும்.

கன்னடம் கற்போருக்கும் ஒரு சொல் கூறுவோம். தமிழில் 'கொள்' என்பதும் விலைக்குப் பெறுதலைக் குறித்த பழைய வினையே. கொள்முதல் என்னும் சொல்லில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. நாளடைவில் அது 'செய்துகொள்', 'எழுதிக்கொள்' என்றாற்போலத் துணைவினையாகப் பெரிதும் பயின்றது. கடைத்தெருவில் 'வாங்கு' முன்னின்றது. கன்னடத்தில் 'கொள்ளு' இரு தொழிலையும் விடாமல் செய்து வருகிறது; 'கொண்டுகொள்ளு' என்றால் வாங்கிக்கொள் என்பது பொருள். தெலுங்கிலும் 'கொனு' என்பர். நாமோ 'கொண்டு வா' என்னும்போது கையில் எடுத்து வருதலையே கருதுகிறோம். ஆகவே கன்னடத்தார் 'கொண்டெ' என்றால் விலை கொடுத்தேன் என்று உணர்தல் வேண்டும்.

ஒரு மொழியின் சொல்லுக்கு நேராக மற்றொரு மொழியின் சொல்லை நெட்டுருச் செய்தால் மட்டும் போதாது. அச்சொல் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதையும் அறிதல் வேண்டும். வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு ஒரு விண்ணப்பமோ, ரசீதோ, வீட்டு ஒப்பந்தமோ சில வேளைகளில் வாழ்நாள் சேமிப்பையே தாங்கி நிற்கும். அத்தகைய தாளில் கையெழுத்திடுமுன், 'வாங்கினேன்' என்று மனத்தில் எழும் ஒவ்வோரிடத்தும் சற்றே நின்று, விலைக்கா, இரவலா, கடனா, போகியமா, ஊதியமா என்று பிரித்துப் பார்த்துக்கொள்வோமாக. உரிய ஆங்கிலச் சொல் தானே கிடைக்கும்.