ஆர்டர் பண்ணினா கட்டி, வீட்ல செஞ்சா க்ரீமி... மஷ்ரூம் கார்லிக் பாஸ்தாவின் தண்ணீர்க் கணக்கு!

சனிக்கிழமை ராத்திரி. ஆப்பைத் திறந்து ஒரு க்ரீமி மஷ்ரூம் பாஸ்தா ஆர்டர் போடுறீங்க. 300, 400 ரூபாய் காலி. முக்கால் மணி நேரம் கழிச்சு டப்பா வருது. ஆசையா திறந்தா, போட்டோவில் வழிஞ்சுகிட்டு இருந்த சாஸைக் காணோம். ஃபோர்க்கால குத்தித் தூக்கினா, பாஸ்தா மொத்தமும் டப்பா ஷேப்லயே கேக் மாதிரி எழும்பி வருது. உடனே ஒரு ஸ்டார் போட்டு ரிவ்யூ எழுதக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்க. பெரும்பாலும் தப்பு சமைச்சவர் மேலயும் இல்ல, கொண்டு வந்தவர் மேலயும் இல்ல. இது பயணம் பண்ண லாயக்கில்லாத சாப்பாடு.

வெண்பொங்கலை யோசிச்சுப் பாருங்க. அடுப்பில் இருந்து இறக்கும்போது நெய் மிதக்கக் குழைவா இருக்கும். ஒரு மணி நேரம் விட்டா கரண்டி நிக்கிற அளவுக்கு இறுகிடும். பாஸ்தாவிலும் அதே கதைதான். சாஸுக்குள்ள இருக்கும் ஸ்டார்ச் சூடு குறையக் குறைய கெட்டியாகும். இன்னொரு பக்கம், பாஸ்தா சும்மா இருக்காது. சாஸில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அடுப்பில் இருந்து தட்டுக்கு, தட்டில் இருந்து வாய்க்கு... 5, 10 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சாதான் க்ரீமி. அதனால, இந்த டிஷ்ஷுக்கு உலகத்துலயே பெஸ்ட் ரெஸ்டாரன்ட் உங்க வீட்டுக் கிச்சன்தான். அரை மணி நேர வேலை. ஒரு அடுப்பு, ஒரு பாத்திரம், ஒரு கடாய் போதும்.

ஆனா, வீட்ல செய்றவங்க பல பேருக்கும் இது சரியா வர்றதில்ல. ஒண்ணு, மஷ்ரூம் தண்ணி விட்டு சாஸ் ரசமாகிடும். இல்ல, மைதா கொட்டி பசையாகிடும். அதுவும் இல்லைன்னா க்ரீம் திரிஞ்சு திட்டுத்திட்டா நிக்கும். மூணுக்கும் காரணம் ஒண்ணுதான், தண்ணி. மஷ்ரூமுக்குள்ள இருக்கும் தண்ணி வெளியே போகணும். பாஸ்தா வெந்த தண்ணி வெளியே போகவே கூடாது. க்ரீமில் இருக்கும் தண்ணியும் கொழுப்பும் பிரியக் கூடாது. இந்த மூணு கணக்கு புரிஞ்சா, ரெசிப்பியை மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல.

எவ்வளவு வாங்கணும்?

ரெண்டு பேருக்குச் சொல்றேன். பென்னேவோ ஸ்பகெட்டியோ 160 கிராம், அதாவது 500 கிராம் பாக்கெட்ல மூணுல ஒரு பங்கு. மஷ்ரூம் 200 கிராம், கடையில் கிடைக்கும் ஒரு பாக்கெட். பெரிய பூண்டுன்னா 8 பல், நாட்டுப் பூண்டுன்னா 12 பல். வெண்ணெய் ஒரு டேபிள் ஸ்பூன், எண்ணெய் ஒரு டேபிள் ஸ்பூன். ஃப்ரெஷ் க்ரீம் 100 மில்லி. சீஸ் 30 கிராம். மிளகை அப்பப்போ இடிச்சுக்கோங்க, பாக்கெட் மிளகுத்தூளில் வாசனை பாதிதான் இருக்கும். ஆலிவ் ஆயில் இருந்தா நல்லது, இல்லைன்னா சன்ஃபிளவர் ஆயில் போதும். இவ்ளோ வெண்ணெய், க்ரீமுக்கு நடுவுல ஆலிவ் ஆயில் ருசி தனியா தெரியப் போறதில்ல.

பாஸ்தா வாங்கும்போது மட்டும் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்க. டியூரம் கோதுமை ரவைன்னு போட்டிருந்தா எடுங்க. டியூரம்ங்கிறது கெட்டியான கோதுமை ரகம், புரதம் அதிகம். அதனால வெந்தாலும் உருக்குலையாது. மைதா கலந்த மலிவான பாஸ்தா கொஞ்சம் அசந்தாலும் குழைஞ்சிடும். எங்கே காசு மிச்சம் பிடிக்கணும், எங்கே பிடிக்கக் கூடாதுன்னு கேட்டா, எண்ணெயில் பிடிங்க, பாஸ்தாவில் வேண்டாம்.

மஷ்ரூம்: தண்ணியை விரட்டுங்க

மஷ்ரூமில் 90 சதவிகிதத்துக்கும் மேல தண்ணிதான். 200 கிராம் மஷ்ரூமைக் கடாயில் போட்டா, கொஞ்ச நேரத்துல ஒரு குட்டிக் குளமே உருவாகும். தண்ணி இருக்கும்வரை கடாய்க்குள்ள சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மஷ்ரூம் சிவந்து, அந்த இறைச்சி மாதிரியான வாசனை வரணும்னா, சுமார் 140 டிகிரிக்கு மேல போகணும். அதாவது, தண்ணி வத்துறவரை அது வதங்கல, வேகுது. அந்த நேரத்துல க்ரீமை ஊத்துறதுதான் வீட்டுப் பாஸ்தாவில் அதிகம் நடக்கிற விபத்து.

அதனால, அகலமான கடாய், பெரிய தீ, கொஞ்சமா எண்ணெய். மஷ்ரூமை ரொம்ப மெல்லிசா நறுக்காம, அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு நறுக்கிப் பரப்பிப் போடுங்க. ஒரே நேரத்துல மொத்தத்தையும் கொட்டாம ரெண்டு தடவையா வதக்குங்க. உப்பு இப்போ வேண்டாம். உப்பு பட்டா தண்ணி சீக்கிரம் வெளியே வந்து, சிவக்க வேண்டியது வேக ஆரம்பிச்சிடும். கிளறிக்கிட்டே இருக்கவும் வேண்டாம். ஒரு பக்கம் சிவந்த பிறகு திருப்புங்க. உங்ககிட்ட இரும்பு தோசைக்கல் இருந்தா, நான்-ஸ்டிக்கை ஓரமா வைங்க. மஷ்ரூம் சிவக்க அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது.

'ரொம்ப நேரம் வச்சா குழைஞ்சிடுமே'ன்னு பயம் வேண்டாம். காய்கறி மாதிரி மஷ்ரூம் குழையாது. அதன் செல் சுவர்ல இருக்கிறது கைட்டின், இறால், நண்டு ஓட்டில் இருக்கும் அதே பொருள். சமையல் சூடு அதை ஒண்ணும் பண்ணாது. அதனால 7, 8 நிமிஷம் தைரியமா வதக்கலாம். பாக்கெட் நிறைய இருந்த மஷ்ரூம் ஒரு கைப்பிடியா சுருங்கி நிக்கும்போதுதான் சரியான பதம்.

கழுவலாமா, கூடாதான்னு ஒரு சண்டை எப்பவும் ஓடிக்கிட்டு இருக்கு. வெளிநாட்டு வீடியோக்களில் துணியால துடைப்பாங்க. நம்ம கடை மஷ்ரூமில் கறுப்பா உரமண் ஒட்டியிருக்கும், துடைச்சா போகாது. முழுசா இருக்கும்போது குழாயடியில் வேகமா அலசி, துணியில் ஒத்தி எடுத்து, அப்புறம் நறுக்குங்க. நறுக்கிட்டு ஊறப்போடுறதுதான் தப்பு. வழவழப்பா, புளிச்ச வாடை அடிச்சா யோசிக்காம தூக்கிப் போட்டுடுங்க. மழைக்காலத்துல தோட்டத்துல முளைச்சதைப் பறிச்சு இதில் போடுற சாகசம் மட்டும் வேண்டவே வேண்டாம். நல்ல காளானும் விஷக் காளானும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சமைச்சாலும் விஷம் போகாது.

பட்டன் மஷ்ரூம் கிடைக்கலையா? சிப்பிக் காளானைக் கையால கிழிச்சுப் போடலாம், சீக்கிரம் சிவக்கும். பால் காளான் கிடைச்சா விடாதீங்க. நம்ம ஊர் வெக்கையில் வளரும் ரகம், கடிக்கக் கெட்டியா இருக்கும், இந்த டிஷ்ஷுக்கு அருமையா பொருந்தும்.

பூண்டு: லேட்டா வரட்டும்

தாளிப்புப் பழக்கத்துல நம்ம கை முதல்ல பூண்டைத்தான் எண்ணெயில் போடும். இங்கே அது சரிப்படாது. மஷ்ரூமுக்குப் பெரிய தீ வேணும், பூண்டுக்குச் சின்ன தீ வேணும். ரெண்டையும் ஒண்ணா போட்டா மஷ்ரூம் சிவக்கிறதுக்குள்ள பூண்டு கருகிடும். கருகின பூண்டின் கசப்பை எந்தக் க்ரீமாலும் மறைக்க முடியாது.

மஷ்ரூம் சிவந்ததும் தீயைக் குறைச்சு, ஓரமா ஒதுக்கி, வெண்ணெயைப் போட்டு உருகினதும் பூண்டைப் போடுங்க. ஒரு நிமிஷம் போதும். நிறம் லேசா தங்கமா மாறினா நிறுத்திடணும். பூண்டை நறுக்கும்போதும் நசுக்கும்போதும்தான் அதோட காரமான வாசனை உருவாகுது. நசுக்கினா அதிகம், நறுக்கினா குறைவு, முழுசா வேகவச்சா சாது. அதனால பாதியை நசுக்கி, பாதியை மெல்லிசா சீவிப் போட்டா வாசனையும் வரும், கடிக்கவும் கிடைக்கும். புவிசார் குறியீடு வாங்கின கொடைக்கானல் மலைப்பூண்டு கையில் இருந்தா அளவைக் குறைச்சுக்கோங்க. அது கொஞ்சம் முரட்டு ஆள்.

பாஸ்தா தண்ணி: ஒரு சொட்டும் கீழே போகக் கூடாது

இந்த டிஷ்ஷின் ஹீரோவே இதுதான். சோறு வடிக்கிற வீட்டில் வளர்ந்தவங்களுக்கு வடிகஞ்சி தெரியும். அரிசியில் இருந்து இறங்கின மாவுச்சத்து. பாஸ்தா வெந்த தண்ணியும் அந்த மாதிரிதான். அதில் இருக்கும் ஸ்டார்ச்தான் கொழுப்பையும் தண்ணியையும் பிரிய விடாம பிடிச்சு வைக்கும், சாஸைப் பாஸ்தா மேல ஒட்ட வைக்கும். நாம என்ன பண்றோம்? அதை சிங்க்ல ஊத்திட்டு, சாஸ் கெட்டியாகலன்னு மைதாவைத் தேடுறோம்!

'நிறைய தண்ணியில் வேகவைக்கணும்'னு எல்லா பாக்கெட்லயும் போட்டிருக்கும். க்ரீம் பாஸ்தாவுக்கு நான் அதைக் கேட்க மாட்டேன். 160 கிராமுக்கு ஒண்ணேகால் லிட்டர் போதும். தண்ணி குறைஞ்சா ஸ்டார்ச் அடர்த்தியா இருக்கும், கேஸும் மிச்சம். கொதிச்சதும் ரெண்டு டீஸ்பூன் உப்பு. பாஸ்தாவுக்குள்ள உப்பு ஏறுற ஒரே சான்ஸ் இது. சாஸுக்குத் தனியா உப்பு வேண்டாம், இந்தத் தண்ணியும் சீஸும் பார்த்துக்கும். முதல் ரெண்டு நிமிஷம் நல்லா கிளறிவிட்டா ஒட்டாது. அதுக்காக எண்ணெய் ஊத்துறது வீண். வடிக்கும்போது அது பாஸ்தா மேல படிஞ்சு சாஸை வழுக்கிவிடும். வடிச்ச பிறகு பச்சைத்தண்ணியில் அலசுற பழக்கம் இருந்தா அதையும் விட்டுடுங்க.

பாக்கெட்ல 10 நிமிஷம்னு இருந்தா 8-வது நிமிஷம் எடுத்துடுங்க. கடிச்சா நடுவுல லேசா வெள்ளைப் புள்ளி தெரியணும். மிச்ச வேக்காடு சாஸுக்குள்ள நடக்கும். தண்ணியில ரெண்டு டம்ளர் தனியா எடுத்து வச்சுட்டுத்தான் வடிக்கணும்.

க்ரீம்: கொதிக்க விடாதீங்க

டெட்ரா பேக்ல வரும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவிகிதம் அளவுதான். வெளிநாட்டு ரெசிப்பிகளில் சொல்ற ஹெவி க்ரீமில் 36 சதவிகிதம். கொழுப்பு அதிகமா இருந்தா கொதியைத் தாங்கும். நம்ம க்ரீம் தாங்காது, அதனால வீடியோவில் அவங்க தளதளன்னு கொதிக்க விடுறதைப் பார்த்து நாமளும் செஞ்சா திரிஞ்சிடும். ஃபிரிட்ஜில் இருந்து முன்கூட்டியே வெளியே எடுத்து, நல்லா கலக்கி, சின்ன தீயில் ஊத்துங்க.

வரிசை இதுதான். பூண்டு வாசனை வந்ததும் முதல்ல அரை டம்ளர் பாஸ்தா தண்ணி. அப்புறம் க்ரீம். லேசா முட்டை விடும்போது பாஸ்தாவைச் சேர்த்து ரெண்டு நிமிஷம் புரட்டுங்க. அடுப்பை அணைச்ச பிறகுதான் சீஸ், மிளகு. கெட்டியா தெரிஞ்சா இன்னும் ரெண்டு ஸ்பூன் பாஸ்தா தண்ணி. கடாயில் பார்க்கும்போது மோர்க்குழம்பு பதத்துல, 'தண்ணியா இருக்கே'ன்னு சந்தேகம் வரணும். தட்டுக்குப் போறதுக்குள்ள அதுவே சரியாகிடும். எலுமிச்சைச் சாறு பிடிக்கும்னா, தட்டில் போட்ட பிறகு சில சொட்டு. கடாயில் பிழிஞ்சா க்ரீம் திரியும்.

சீஸ் விஷயத்துல ஸ்டைல் பார்க்க வேண்டாம். பார்மேசான் விலை அதிகம். அதுவும் இத்தாலியில் இருந்து வரும் ஒரிஜினலில் கன்றுக்குட்டி வயிற்றில் இருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பாங்க, சைவம் சாப்பிடுறவங்க கவனிக்கணும். நம்ம ஊர் பிராசஸ்டு சீஸ் க்யூபைத் துருவிப் போட்டாலே போதும். அதில் இருக்கும் உப்புகள் கொழுப்பைப் பிரிய விடாது, சாஸ் வழுவழுன்னு வரும். உணவு ரசிகர்கள் முறைப்பாங்க, முறைக்கட்டும்.

க்ரீமே இல்லையா? கெட்டியான ஃபுல் க்ரீம் பால் ஒரு டம்ளரில் ஒரு டீஸ்பூன் சோளமாவைக் கரைச்சு ஊத்துங்க. சேமிச்சு வச்ச பாலாடையை அடிச்சும் சேர்க்கலாம். ருசி கொஞ்சம் லேசா இருக்கும், தப்பா இருக்காது.

க்ரீமே போடாத ஒரிஜினல்

'க்ரீம் பாஸ்தா'ன்னதும் எல்லாரும் சொல்ற பேரு ஆல்ஃப்ரெடோ. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் ரோம் நகரில் ரெஸ்டாரன்ட் நடத்தின ஆல்ஃப்ரெடோ டி லெலியோ. அவர் பரிமாறின ஃபெட்டுச்சினியில் வெண்ணெயும் பார்மேசானும்தான். 1920-ல் தேனிலவுக்கு வந்த ஹாலிவுட் நட்சத்திரங்கள் மேரி பிக்ஃபோர்டு, டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஜோடி அதில் மயங்கி, அமெரிக்காவில் புகழைப் பரப்பினதா சொல்வாங்க. க்ரீம் சேர்ந்தது அமெரிக்காவுக்குப் போன பிறகுதான். ரோமில் அந்த வழவழப்பு வந்ததுக்குக் காரணம், வெண்ணெயும் சீஸும் சூடான பாஸ்தா ஈரத்தோட கலந்து புரண்டதுதான். அதனால க்ரீம் பாக்கெட்ல பாதிதான் இருக்குன்னு கவலைப்படாதீங்க, தண்ணி டம்ளர் பக்கத்துல இருக்கான்னு பாருங்க.

மிச்சம் ஆகிடுச்சுன்னா? அன்னிக்கே ஃபிரிட்ஜில் வச்சு, அடுத்த நாளே காலி பண்ணிடுங்க. அது கல்லு மாதிரி இறுகியிருக்கும், அப்படியே மைக்ரோவேவ்ல ஓடவிட்டா நெய் தனியா கக்கும். கடாயில் மூணு ஸ்பூன் பால் ஊத்தி, சின்ன தீயில் மூடி வச்சு, மெதுவா புரட்டுங்க. முக்கால்வாசி பழைய நிலைக்குத் திரும்பும். அடுத்த தடவை ஆப்ல ஆர்டர் பண்ணின பாஸ்தா கட்டியா வந்தாலும் இதே வைத்தியம்தான்.