பொழுது போகாத நேரமும் போதைப் பழக்கமும்

ஊர் திரும்பியதும் எல்லா வேலையும் உடனே தொடங்குவதில்லை. கண்ணிவெடி அகற்றி முடியாத காணிக்குள் இறங்க முடியாது. வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காலபோகத்துக்கு மழை வர வேண்டும். இப்படிக் காத்திருக்கும் வெறும் பொழுதில் சிலருக்குக் குடிப்பழக்கம் தொடங்குகிறது, சிலருக்குப் பழைய பழக்கம் கூடுகிறது. இதைச் சோம்பல் என்று ஒதுக்க வேண்டாம். உழைத்துப் பழகியவருக்கு வேலை இல்லாத நாள் பெரும் பாரம்.

இது எப்படி நடக்கிறது?

சும்மா இருக்கும்போது நேரம் நகராது. இழந்தவர்களின் நினைவும் கடன் யோசனையும் அப்போதுதான் கூடுதலாக வரும். சாராயமோ கசிப்போ கஞ்சாவோ அந்த நேரத்தைச் சற்று மறக்கச் செய்யும். ஆனால் மறுநாளும் அதே பொழுது வரும். உடல் பழகப் பழக, அதே மறதிக்குக் கூடிய அளவு தேவைப்படும். விளையாட்டும் பிள்ளைகளோடு கதைப்பதும்கூடச் சலிப்பாகத் தோன்றத் தொடங்கும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• எந்த நேரத்தில் மனம் குடியை நாடுகிறது என்று கவனியுங்கள். பின்னேரம் என்றால், அந்த நேரத்துக்கு ஒரு வேலையை ஒதுக்குங்கள்: மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடலாம், வேலி அடைக்கலாம், கிணற்றடியைத் துப்புரவாக்கலாம்.

• முடிந்தவரை இன்னொருவரோடு சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் உங்களுக்காகக் காத்திருந்தால் போகாமல் விடமாட்டீர்கள்.

• இளைஞர்களுக்குச் சனசமூக நிலையத்தில் இடம் கொடுங்கள். கரப்பந்தாட்டத்துக்கு ஒரு வலையும் பந்தும் போதும்.

• “சும்மா திரியிறாய்” என்று ஏசுவதிலும், வீட்டுப் பொறுப்பு ஒன்றை நம்பி ஒப்படைப்பது நல்லது.

• சாராயம், சிகரட் வாங்கப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு அவற்றை விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்.

கவனிக்கவும்

நாள்தோறும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. கை நடுக்கம், வியர்வை, நித்திரையின்மை ஏற்படலாம். வலிப்போ மனக்குழப்பமோ வந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். நிறுத்த விரும்புபவர் முதலில் வைத்தியரைக் காண வேண்டும். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. எங்கே போவது என்று தெரியாவிட்டால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.