ஓர் ஏக்கருக்கு இரண்டு ரயில் தண்ணீர்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள். காளிகாட்டில் விடிய விடிய மழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பால்காரர் வரவில்லை; லேக் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கவும் வழியில்லை. இது எப்போது வடியும் என்று மாடி வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது. சிவகங்கைச் சீமையிலிருந்து என் அக்கா மகன்.

"மாமா, மூணாவது போரும் போச்சு. எண்ணூறு அடி இறக்கியாச்சு, புழுதிதான் வந்துச்சு. இன்னொரு இடம் பார்த்து வச்சிருக்கேன். ஒன்றரை லட்சம் அனுப்பினீங்கன்னா தென்னையைக் காப்பாத்திடலாம்."

ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்றேன். இப்படி ஓர் அழைப்பு நம் சங்க அன்பர்களில் பலருக்கும் வந்திருக்கும். ஆகவேதான் அந்த ஒரு வாரத்தில் நான் யோசித்ததை இங்கே எழுதத் துணிந்தேன்.

தண்ணீரை விரட்டிய உத்தியோகம்

டிப்ளமா முடித்துத் தென்கிழக்கு ரயில்வேயில் சேர்ந்த எனக்கு, பணிக்காலத்தின் பெரும்பகுதி ஆத்ரா கோட்டத்தில், புருலியா மாவட்டத்தில் கழிந்தது. ரயில் பாதைக்குத் தண்ணீர் ஜென்மப் பகை. மண்கரைக்குள் புகுந்தால் கரை இளகும். ஜல்லிக்கு அடியில் சேறு ஏறினால் தண்டவாளம் தாழும். எனவே, விழுந்த மழையை எவ்வளவு சீக்கிரம் வடிகாலில் இறக்கிச் சிறுபாலத்தின் வழியே அப்பால் தள்ளுகிறோமோ, அவ்வளவு நல்லது. மழைக்காலத்தில் இரவு ரோந்துக்கு ஆள் போடுவோம். முப்பத்தைந்து வருடங்களாக எனக்குத் தெரிந்த நீர் சாஸ்திரம் இதுதான்: தண்ணீர் வந்தால் விரட்டு.

ஒரு விஷயம் மட்டும் மனதை உறுத்தும். ஆவணியில் நாங்கள் விரட்டி அலுத்துப்போன அதே புருலியாவில், சித்திரையில் பெண்கள் குடத்தோடு வெகுதூரம் நடப்பார்கள். வறண்ட மாவட்டம் என்று அதற்குப் பெயர். ஆனால் அங்கே ஆண்டுக்குச் சுமார் 1300 மில்லிமீட்டர் மழை. நம் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் 850 அல்லது 900 பெய்தாலே நல்ல வருடம் என்போம். நம்மைவிட ஒன்றரை மடங்கு மழை பெறும் பூமியில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்றால், குறை வானத்தில் இருக்க முடியாதல்லவா?

ரயில்காரன் கணக்கு

2016 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் லாத்தூர் நகரத்துக்கு மீரஜிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில், நடைக்கு 25 லட்சம் லிட்டர் வந்தது. படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு ரயில்வே குடும்பத்தார் எல்லோரும் பெருமைப்பட்டோம்.

பிறகு ஒரு நாள் காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஓர் ஏக்கர் என்பது 4047 சதுர மீட்டர். அதன்மேல் 1300 மி.மீ. மழை விழுந்தால் ஏறத்தாழ 52 லட்சம் லிட்டர் ஆகிறது. அதாவது, புருலியாவின் ஒவ்வோர் ஏக்கருக்கும் வருடந்தோறும் இரண்டு தண்ணீர் ரயில்கள் கட்டணமில்லாமல் வந்து சேர்கின்றன. இறக்கிக்கொள்ள ஸ்டேஷன்தான் இல்லை. என் அக்காவின் நிலம் மூன்று ஏக்கர். 900 மி.மீ. மழைக்குக் கணக்கிட்டால் அங்கேயும் நான்கு ரயிலுக்குக் குறையாது.

மேட்டிலே குழி, பள்ளத்திலே கிணறு

புருலியா நிலம் அலை அலையாக ஏறி இறங்குவது. மேலே கொஞ்சம் செம்மண், அடியில் கடும்பாறை. மழையில் பெரும்பகுதி நான்கே மாதத்தில் கொட்டி, சரிவில் ஓடி, மண்ணையும் வாரிக்கொண்டு கங்ஸாபதி போன்ற ஆறுகளில் சேர்ந்துவிடுகிறது. ஊரார் நிலத்தை நான்காகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். உச்சி மேடு 'டாண்ட்', அதற்கடுத்தது 'பாய்த்', பின் 'கானாலி', அடிப்பள்ளம் 'பஹால்'. நெல் விளைவது பள்ளத்தில். மேடு சும்மா கிடக்கும்.

2017-ல் மேற்கு வங்க அரசு, தொண்டு நிறுவனங்களின் துணையோடு, புருலியா, பாங்குரா முதலிய மேற்கு மாவட்டங்களில் 'உஷர்முக்தி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தரிசிலிருந்து விடுதலை என்று பொருள். கூலிக்கு வேலை உறுதித் திட்டத்தின் நிதி. வேலையை ஆற்றங்கரையில் தொடங்காமல் மேட்டின் உச்சியில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி.

ஓய்வு பெற்ற பின் பழைய சிநேகிதர் ஒருவருடன் போய்ப் பார்த்தேன். மேட்டு நிலத்தை 30 அடிக்கு 40 அடி கட்டங்களாக வரப்பிட்டு, ஒவ்வொரு கட்டத்தின் தாழ்ந்த மூலையிலும் 7 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு குழி. இடையே மாங்கன்றுகள். 'இவ்வளவுதானா?' என்று முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டதும் வாயை மூடிக்கொண்டேன். ஒரு குழி நான்காயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். அந்தக் கட்டத்தில் 37 மி.மீ. மழை ஒரேயடியாகக் கொட்டினாலும் சொட்டு வெளியே போகாது. அதற்குக் கீழ்ப் படியில், வயலின் பரப்பில் இருபதில் ஒரு பங்கை ஒதுக்கி 'ஹாப்பா' என்னும் சிறு குட்டை வெட்டுகிறார்கள். ஆவணியில் பதினைந்து நாள் மழை தவறினால் நாற்றைக் காப்பது அந்தக் குட்டைதான்.

பள்ளத்துக் கிணற்றைக் காட்டி ஒரு சந்தால் பெரியவர் சொன்னார்: "முன்னெல்லாம் மாசியிலேயே அடி தெரியும், பாபு. இப்போது சித்திரையிலும் வாளி நனைகிறது." முப்பத்தைந்து வருடம் நான் விரட்டிய தண்ணீரை அவர்கள் உட்கார வைத்திருந்தார்கள். பாதைக்கு வடிகால் வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் பாதைக்குப் பொருந்தும் விதி வயலுக்குப் பொருந்தாது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

2022 மார்ச்சில் வேலை உறுதித் திட்டத்துக்கு மத்திய அரசு தரும் நிதி மேற்கு வங்கத்துக்கு நின்றுபோயிற்று. தூர் எடுக்காத குழி, இரண்டு மழையில் மேடாகிவிடும். வெட்டிக் கொடுப்பது யாராக இருந்தாலும், பராமரிப்பது ஊராராக இருந்தால்தான் நிற்கும்.

தாத்தாவுக்கு டிப்ளமா கிடையாது

இது நமக்குப் புதிதா என்ன? வரத்துக்கால், கண்மாய், மடை, கலுங்கு என்று நம் முன்னோர் கட்டி வைத்தது இதே சாஸ்திரம். ஒரு கண்மாயின் கலுங்கில் வழிவது வீணாகாமல் அடுத்த கண்மாய்க்குப் போகும். தமிழ்நாட்டில் இப்படி 39,000-க்கு மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் உண்டு. மடை திறக்க ஆள் இருந்தது. வருடா வருடம் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு போகும் குடிமராமத்து இருந்தது. நாம் பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தோம். மண்வெட்டி பிடிக்கும் கைகளில் அதுவும் குறைந்தது. வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டியது. கண்மாய்க்கு நீர் வராததால் கிணறு வற்றியது. கிணறு வற்றியதால் போர் வந்தது.

மகாராஷ்டிராவின் ஹிவ்ரே பஜார் கிராமத்தில் ஆண்டு மழை சுமார் 400 மி.மீ.தான். 1989-ல் போபட்ராவ் பவார் ஊர்த் தலைவரானபின், மலைச்சரிவில் வரிசையாகக் குழி வெட்டித் தடுப்பணைகள் கட்டினார்கள். அதோடு நிற்காமல் ஊர் கூடி விதியும் செய்தது: சாகுபடிக்குப் போர் போடக்கூடாது, எவ்வளவு நீர் இருக்கிறது என்று அளந்த பிறகே என்ன பயிர் என்று முடிவு செய்ய வேண்டும். அதைவிட அதிக மழை பெற்றும் லாத்தூர் ரயிலை எதிர்பார்த்து நின்றது. அந்த வட்டாரத்தில் தண்ணீரைக் குடித்தது கரும்பு. சேமிப்பு பாதி, சிக்கனம் பாதி.

என் பதில்

வாரம் முடிந்து ஊருக்குப் பேசினேன். "பணம் தருகிறேன், போருக்கு இல்லை, வரத்துக்காலுக்கு" என்றேன். மருமகனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தண்ணி நிக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு சுலபமாச் சொல்றீங்க மாமா. இங்க தென்னை செத்துக்கிட்டு இருக்கு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. சாகிற மரத்துக்கு வரும் வருடத்துத் தண்ணீரைக் காட்டி என்ன பயன்? பாதிப் பணம் டேங்கர் லாரித் தண்ணீருக்கு, பாதி வரத்துக்காலுக்கு என்று சமாதானம் ஆனோம். அக்கா ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

எங்கள் கண்மாய் சிறியது. ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளது. அனுமதிக்கு அலைந்தவன் மருமகன்தான். ஊரில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள். புரட்டாசிக் கடைசியில் ஒன்றரைக் கிலோமீட்டர் கால்வாய் சுத்தமானது. கார்த்திகையில் கண்மாய் பாதி நிறைந்தது, கலுங்கைத் தொடவில்லை. பழைய கிணற்றில் எட்டு அடி நீர் ஊறியது. நாற்பது தென்னைகளில் பதினொன்று போய்விட்டன. அந்தப் பதினொன்றுக்கு நானும் ஒரு காரணமோ என்ற எண்ணம் எனக்கு உண்டு, மறைப்பதற்கில்லை.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து போருக்குப் பணம் கேட்டால் மறுக்காதீர்கள். ஆனால் அனுப்புமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கண்மாய்க்கு வரத்துக்கால் திறந்திருக்கிறதா? கடைசியாக எப்போது தூர் எடுத்தார்கள்? என்ன பயிர் வைத்திருக்கிறார்கள்? அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைக் குலதெய்வக் கோவிலுக்கு அழைத்துப் போகும்போது, அப்படியே கண்மாய்க்கரை மீதும் ஒரு நடை நடத்திக் கூட்டிவாருங்கள்.

போன வாரம் மருமகன் பேசினான். பணம் கேட்கவில்லை. "மாமா, அந்தப் புருலியாக் குழி என்ன அளவுன்னு சொன்னீங்க?" என்று கேட்டான்.