கை நீளமானவர் யார்?
தொலைக்காட்சி ஆங்கிலமும் நம் தாய்மாரும்

ஒட்டுசுட்டானில் ஒரு தாய் கேட்ட கேள்வி இது: "மௌலவி, பிள்ளையள் டீவியில இங்கிலீஷ் படம் பார்த்துச் சிரிக்குதுகள். எனக்கு ஒண்டும் விளங்குதில்ல. அதில பேசுறது நல்லதா கெட்டதா எண்டு நான் எப்பிடி அறியிறது?"

நியாயமான கேள்விதான். விளங்காத ஒன்றுக்காகப் பிள்ளையைக் கண்டிக்கவும் முடியாது. கண்டும் காணாமல் இருக்கவும் தாய் மனம் இடம் கொடாது. தொலைக்காட்சியை மூடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. ஆனால் பிள்ளைக்குப் பரீட்சைக்கும் தொழிலுக்கும் ஆங்கிலம் வேண்டியிருக்கிறதே!

சகோதரிகளே, முதலில் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். பாடசாலையில் ஆங்கிலத்தை நன்றாகப் படித்தவரும் தொலைக்காட்சி உரையாடலில் தடுமாறுவதுண்டு. பேச்சு வேகத்தில் சொற்கள் ஒட்டிக்கொள்வது ஒரு காரணம். 'கோயிங் டு' என்பது 'கொன்னா' ஆகிவிடும். 'வோன்ட் டு' என்பது 'வொன்னா' ஆகிவிடும். அதைவிடப் பெரிய காரணம் மரபுத்தொடர்கள். 'பீஸ் ஒஃப் கேக்' என்றால் கேக் துண்டு அல்ல, மிக இலகுவான வேலை. மேடையேறப் போகிறவரிடம் 'பிரேக் அ லெக்' என்றால் காலை முறித்துக்கொள் என்ற சாபம் அல்ல, நன்றாகச் செய்து வா என்ற வாழ்த்து. 'கிக் த பக்கெட்' என்பது மரணத்தைக் குறிக்கும். ஆனால் மரியாதையற்ற பேச்சு. மையித்து வீட்டில் அப்படிச் சொல்லிவிடக் கூடாது.

சில இடங்களில் நம் தமிழே நம்மை ஏமாற்றும். ஒருவர் காலை மற்றவர் வாரினார் என்றால் நம்மிடம் அது துரோகம். அதே காலை இழுக்கும் 'புல்லிங் மை லெக்' ஆங்கிலத்தில் வெறும் பகிடி. காதலன் துரோகம் செய்துவிட்டான் என்று நினைத்து நாம் கவலைப்பட்டுக் கொண்டிருப்போம். திரையில் அவர்கள் சிரித்துக் கொண்டிருப்பார்கள்.

இப்படிச் சொல்லை நேராக எடுத்துக்கொள்வது அறியாமை அல்ல. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரிடம், உங்களில் கை நீளமானவரே எனக்குப் பின் முதலில் என்னை வந்தடைவார் என்ற கருத்தில் கூறினார்கள். அன்னையர் தம் கைகளை ஒன்றோடொன்று அளந்து பார்த்தார்கள்! ஹிஜ்ரி 20இல் அவர்களில் முதலாவதாக மரணித்தவர் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி). அவர்கள் கையால் உழைத்துத் தர்மம் செய்தவர்கள். நீண்ட கை என்றது கொடையை என்பது அப்போதுதான் புரிந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது.

அரபியில் கை நீளம் கொடை. நம் ஊரில் ஒருவருக்குக் 'கை நீளம்' என்றால் பெட்டியைப் பூட்டி வைப்போம். ஆங்கிலத்தில் அந்தக் கள்வனை 'லைட் ஃபிங்கர்ட்', விரல் இலேசானவன் என்பார்கள். ஒரே கைதான், மொழிக்கு மொழி எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

நோன்பு பற்றிய வசனத்தில் வரும் வெள்ளை நூல், கறுப்பு நூல் என்பதைக் கேட்டு அதீ இப்னு ஹாதிம் (ரழி) இரண்டு கயிறுகளைத் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டு இரவில் பார்த்தார்கள். இரவின் இருளும் பகலின் வெளிச்சமுமே அவை என்று நபியவர்கள் விளக்கினார்கள். அரபு அவருக்குத் தாய்மொழி! "உம்மாவுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று சிரிக்கும் பிள்ளைக்கு இந்தச் சம்பவங்களைச் சொல்லிக் கொடுங்கள்.

இந்தத் தடுமாற்றத்தையே விற்பனைப் பொருளாக்கிய நாடகமும் உண்டு. 1977 டிசம்பரில் இங்கிலாந்தில் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்ற தொடர் லண்டன் மாலை வகுப்பொன்றில் ஆங்கிலம் படிக்கும் வெளிநாட்டவர்களைப் பற்றியது. அலி என்ற பாகிஸ்தானியரும், பின்னல் ஊசியோடு வகுப்புக்கு வரும் ஜமீலா என்ற பெண்ணும் அதில் உண்டு. ஆசிரியர் சொல்வதை மாணவர்கள் சொல்லுக்குச் சொல் எடுப்பதுதான் நகைச்சுவை. தலைப்பும் ஒரு மரபுத்தொடரே: 'வார்த்தையை அளந்து பேசு' என்ற அதட்டல். பிற நாட்டவரைக் கேலிப் பொம்மைகளாக்குகிறது என்ற கண்டனம் அதன்மேல் எழுந்தது. அந்தக் கண்டனம் சரியென்றே நானும் கருதுகிறேன். ஒரு மொழியைப் புதிதாகப் படிப்பவரைப் பார்த்துச் சிரிப்பது என்ன நாகரிகம்?

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். கவனிக்க வேண்டிய தொடர்கள் உண்டு. 'ப்ளைமி' என்ற வியப்புச் சொல், கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும் என்ற சாபத்தின் தேய்ந்த வடிவம். 'கோ டு ஹெல்' என்பது நரகத்துக்குப் போ என்பது. நரகத்தைக் கொண்டு ஒருவரையொருவர் சபிக்க வேண்டாம் என நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள். தாயின் உயிர்மேல் ஆணை என்று திரையில் சத்தியம் செய்வார்கள். நமக்கோ சத்தியம் செய்தால் அல்லாஹ்வின் மீது, இல்லையேல் மௌனம். 'டச் வுட்' என்று மரத்தைத் தொடுவது கண்ணேறுக்குப் பயந்த மூடநம்பிக்கை. நாம் மாஷா அல்லாஹ் சொல்லும் இடம் அது.

அதற்காகப் பிள்ளை 'ப்ளைமி' என்றதும் அடிக்கப் பாய வேண்டாம். பிள்ளைக்கு அதன் வேர் தெரியாது. பொருளைச் சொல்லுங்கள், ஸுப்ஹானல்லாஹ் என்ற சொல்லைக் கையில் கொடுங்கள். இன்னொன்று: 'ஷட் அப்' எல்லா நேரமும் வசையல்ல. அமெரிக்கத் தோழிகள் வியந்துபோயும் அப்படிச் சொல்வார்கள். ஆசிரியரிடம் சொன்னால் மட்டும் வசைதான்.

கற்பது எப்படி? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் தாய்மாரில் பலர் சந்தையிலும் கந்தோரிலும் சிங்களத்தைக் காதாலேயே பிடித்தவர்கள். புத்தகமா வைத்திருந்தார்கள்? யார், யாரிடம், என்ன முகத்தோடு சொன்னார் என்று பார்த்தார்கள். அதே வழிதான் இதற்கும். திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் போட்டுவிடுங்கள். விளங்காத தொடரைப் பிள்ளையைக் கொண்டு கொப்பியில் எழுதுவியுங்கள். மாணவர்களுக்கான ஒக்ஸ்போர்ட் அகராதியில் மரபுத்தொடர்கள், முக்கியச் சொல்லுக்கான பகுதியின் இறுதியில் தனியாகத் தரப்பட்டிருக்கும். ஹிஜ்ரி 538இல் மறைந்த ஸமக்ஷரி தமது 'அஸாஸுல் பலாகா' என்ற அரபு அகராதியில் நேர்ப்பொருளையும் உருவகப் பொருளையும் பிரித்துக் காட்டியது போலத்தான் இதுவும்.

அகராதியைத் திறக்குமுன் ஒருமுறை ஊகித்தும் பாருங்கள். நிக்காஹ்வுக்கு முதல் நாள் மாப்பிள்ளை வியர்த்துப்போய் நிற்க, நண்பன் அவனுக்கு 'கோல்ட் ஃபீட்' என்கிறான். கால் குளிர்கிறதென்று யாரும் காலுறை தேடவில்லை. மாப்பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.