37 ஆண்டு பெட்டியில் கிடந்த ‘ஸ்மைல்’

எடுத்த படம் பெட்டிக்குள்ளேயே முடங்குவது நமக்குப் பழகிய செய்தி. 2012-ல் எடுத்த ‘மதகஜராஜா’ 2025 பொங்கலுக்குத்தான் வந்தது. வந்து ஓடவும் செய்தது. பாட்டு ஆல்பங்களுக்கும் இந்தத் தலைவிதி உண்டு.

அமெரிக்காவின் ‘பீச் பாய்ஸ்’ ராக் குழுவின் பிரையன் வில்சன் 1966-ல் ‘ஸ்மைல்’ ஆல்பத்தைத் தொடங்கினார். வரிகள் வேன் டைக் பார்க்ஸ். உதிரிப் பாட்டுகள் அல்ல. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கிளம்பி ஹவாய் வரை போகும் ஒரே பயணம். பாட்டைத் துண்டு துண்டாகப் பதிந்து, டேப்பை வெட்டி ஒட்டிச் சேர்ப்பது வில்சனின் முறை. ‘குட் வைப்ரேஷன்ஸ்’ அப்படித்தான் பிறந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஒரு பாட்டுக்குச் சரி. ஆல்பம் முழுக்க அப்படி என்றபோது, எந்தத் துண்டுக்குப் பின் எது என்பதே தீராத சிக்கலாயிற்று. ஒலியைத் தொகுக்கக் கணினி இல்லாத காலம். ஒரு வரிசையைக் கேட்டுப் பார்க்கவே டேப்பை வெட்டியாக வேண்டும். குழுவுக்குள் முணுமுணுப்பு, கேப்பிடல் இசைத்தட்டு நிறுவனத்தோடு வழக்கு, வில்சனின் மனநிலையும் குலைந்தது. நிறுவனமோ 4 லட்சத்துக்கும் மேல் அட்டைகளை அச்சடித்து வைத்திருந்தது! 1967 மே மாதம் எல்லாம் கைவிடப்பட்டது.

பிறகு கணினி வந்தது. வில்சனின் மேடைக் குழுவில் வாசித்த டேரியன் சஹனாஜா பழைய துண்டுகளை அதில் ஏற்றிக் கொடுக்க, வில்சனும் பார்க்ஸும் உட்கார்ந்து வரிசையை முடித்தார்கள். 2004 பிப்ரவரி 20 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் அரங்கேறி, அதே ஆண்டு புதிய பதிவாக வெளிவந்தது. 1960-களின் மூலப் பதிவுகள் 2011-ல் வந்து கிராமி விருதும் வாங்கின. என் காதுக்கு 2011-தான் மேல்; அந்த இளங்குரல் 2004-ல் ஏது?

பழனியை அடுத்த பாலசமுத்திரத்தில் இருந்துகொண்டு நான் இதை ஏன் பேச வேண்டும்? 1985 வரை பாலசமுத்திரமும் பண்ணைப்புரமும் ஒரே மதுரை மாவட்டம். அந்தப் பண்ணைப்புரத்து இளையராஜா 1993-ல் லண்டனில், ராயல் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, ஜான் ஸ்காட் நடத்த, ஒரு சிம்பொனியைப் பதிவுசெய்தார். அது ராக் இல்லை. வெட்டி ஒட்டும் தொல்லையும் இல்லை. எழுதி, வாசித்து, பதிந்தும் ஆயிற்று. ஆனாலும் அது கடைக்கு வரவில்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய ‘வேலியன்ட்’ வேறு படைப்பு. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறைய.

வில்சன் 2025 ஜூன் 11 அன்று காலமானார். கடனை முடித்துவிட்டுத்தான் போனார். எண்பதைக் கடந்தும் புதிய சிம்பொனி தரும் ராஜா, 1993 பதிவையும் நமக்குத் தர வேண்டும்.