பங்கு ஒன்றுக்கு 43 சென்ட்

யூனியன் கார்பைடு கார்ப்பரேஷன் 1988-ஆம் ஆண்டுக்கான தன் வருடாந்தர அறிக்கையைப் பங்குதாரர்களுக்கு அனுப்பியபோது, அவ்வாண்டின் லாபம் பங்கு ஒன்றுக்கு 4.88 டாலர் என்றும், போபால் வழக்கைத் தீர்த்த வகையில் பங்கு ஒன்றுக்கு 43 சென்ட் செலவு எழுதிய பிறகு நின்ற தொகை அது என்றும் அதில் கண்டிருந்தது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில், அந்நிறுவனத்தின் போபால் ஆலையில் 610-ஆம் எண் தொட்டியிலிருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் கிளம்பி, ஆலையைச் சுற்றியிருந்த குடிசைகளின்மேல் படிந்து, உறங்கியவர்களைக் கண்ணெரிச்சலோடு எழுப்பித் தெருவில் ஓடவிட்டு, ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட அந்த இரவு, நான்கே ஆண்டுகளில் அரை டாலருக்கும் குறைந்த ஒரு தொகையாகச் சுருங்கிவிட்டது. இதில் பொய்க்கணக்கு ஏதுமில்லை என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

நஷ்டம் பெரும்பாலும் நேரக்கூடியதாக இருக்க வேண்டும், அதன் தொகையும் நியாயமாக மதிப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும், அப்போதுதான் அதைக் கடனாகப் பேரேட்டில் ஏற்றலாம் என்று 1975-இல் அமெரிக்கக் கணக்கியல் தரம் விதித்தது. நம் நாட்டுத் தரமும், வாசகத்தில் சிறிது மாறுபட்டாலும், அதே வழியில்தான் செல்கிறது. நேரலாம், நேராமலும் போகலாம் என்ற நிலையில் உள்ளது அடிக்குறிப்பில் ஒதுங்கும். அதற்கும் கீழானது அறிக்கையில் தலைகாட்டாது. ஆகவே, சரக்கு வாங்கிப் பில் வந்தால் அன்றே அது கடன். ஆலை வாசலில் வந்து அழுகிறவனுடைய குறையோ, அவன் கோர்ட்டுக்குப் போய் ஜயிக்கக்கூடும் என்று கம்பெனி வக்கீல் ஆண்டு முடிவில் ஆடிட்டருக்குக் கடிதம் எழுதும் வரையில் கடன் ஆகாது. தீங்கு நேர்ந்ததா என்று கணக்கு கேட்பதில்லை; தீங்குற்றவனுக்கு வசூலிக்கும் சக்தி உண்டா என்றே கேட்கிறது.

போபால் ஜனங்களுக்கு அந்தச் சக்தி எவ்வளவு இருந்தது? இந்திய அரசாங்கம் நியூயார்க்கில் தொடுத்த வழக்கை, இது இந்தியாவில் விசாரிக்கப்பட வேண்டியது என்று சொல்லி நீதிபதி கீனன் 1986 மே மாதத்தில் திருப்பி அனுப்பினார். இங்கே 330 கோடி டாலர் கேட்ட அரசாங்கம், 1989 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் முன் 47 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. மரணம் சுமார் 3,000 என்ற அனுமானத்தில் நிர்ணயித்த தொகை அது. பின்னர் நஷ்டஈட்டு அதிகாரிகள் ஏற்றுக்கொண்ட மரணங்களே 5,000-ஐத் தாண்டின, காயமுற்றோர் எண்ணிக்கை ஐந்து லட்சத்தையும் கடந்தது. அவர்களில் பெரும்பாலோர் கையில் வந்து சேர்ந்தது முதலில் 25,000 ரூபாய். வெகு வருஷங்கள் கழித்து இன்னொரு 25,000.

வருங்காலத் தீங்கை முன்கூட்டி மதிப்பிடக் கணக்கர்களுக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2001-இல் கார்பைடை வாங்கிய டௌ கெமிக்கல், அடுத்த ஆண்டு முடிவிலேயே, ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நோயுற்ற அமெரிக்கர்கள் கார்பைடின்மேல் தொடுத்திருந்த வழக்குகளுக்கும், 2017 வரையில் இனிமேல் தொடுக்கக்கூடிய வழக்குகளுக்கும் சேர்த்து 220 கோடி டாலரைப் பொறுப்பாக எழுதிக்கொண்டது. இன்னும் மனுவே எழுதாதவனின் நுரையீரலுக்குக் கூடப் பேரேட்டில் இடம் கிடைத்தது; ஏனெனில் அவன் நாளை ஏறப்போகும் கோர்ட்டின் ஜூரிகள் என்ன தொகை விதிப்பார்கள் என்பது அனுபவத்தில் தெரிந்திருந்தது. ஆலைக் கழிவிலிருந்து போபாலின் நிலத்தடி நீரில் கலந்த நஞ்சுக்கு அப்படி ஒரு வரி எழுதப்படவில்லை. அது தன் பொறுப்பன்று என்பதே டௌவின் நிலை. கூடுதல் நஷ்டஈடு கேட்டு மத்திய அரசு போட்ட மறுசீராய்வு மனுவையும் உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது.

எல்லை வகுப்பதிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. பாதிக்கு மேல் பங்கு வைத்திருக்கும் கிளைக் கம்பெனியின் லாபத்தைத் தாய்க் கம்பெனி தன் கணக்கோடு சேர்த்துக் காட்டுவது பொதுவான விதி. விபத்து நேர்ந்தாலோ, கிளை வேறு, தாய் வேறு என்று சட்டம் பிரித்துவிடும். போபால் ஆலையை நடத்திய இந்தியக் கம்பெனியில் கார்பைடுக்கு 50.9 சதவீதப் பங்கு இருந்தும், அமெரிக்க நிறுவனம் அந்த வாதத்தையே பற்றி நின்றது. அதற்கும் முன்னால் நடந்ததைப் பாருங்கள்: பூச்சிமருந்து விற்பனை சரிந்து ஆலை நஷ்டத்தில் ஓடிய நாளில், வாயுத் தொட்டிகளைக் குளிரவைக்கும் இயந்திரம் 1984 ஜூனிலேயே நிறுத்தப்பட்டது. மிச்சமான மின்சாரம் அந்த மாதக் கணக்கில் சிக்கனமாக வரவு வந்திருக்கும். கூடிய அபாயத்துக்கு எதிர்ப்பக்கத்தில் பற்று எழுத எந்தத் தலைப்பும் கிடையாது.

இக்குறையை உணர்ந்தே ஐக்கிய நாடுகள் சபை 2011-இல் வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகளை ஏற்றது. நம் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியும் 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகளிடம் குறைந்தபட்சக் கூலி, குழந்தைத் தொழில், தொழிலாளர் புகார் ஆகியவை குறித்து வருடந்தோறும் விவரம் கேட்கிறது. நல்லதே. ஆயினும் இவை வரவு செலவுக்கு வெளியே நிற்கும் தனி அறிக்கை. புகார் கட்டத்தில் பூஜ்யம் எழுதியிருந்தால், குறை இல்லையா, கேட்க ஆள் இல்லையா என்று அந்தப் பூஜ்யம் சொல்லாது. சுரங்கம் தோண்டுகிறவன் பிற்காலத்தில் குழியைத் தூர்க்கும் செலவை இன்றே கடனாக எழுத வேண்டும் என்று இதே கணக்கியல் கட்டாயப்படுத்தும்போது, குழியருகே குடியிருப்பவனுக்கு ஒரு வரி ஒதுக்குவது அசாத்தியமா என்ன?

ஆலை வளாகத்தில் கிடந்த நச்சுக் கழிவில் 337 டன், 2025 ஜனவரியில் பன்னிரண்டு கன்டெய்னர் லாரிகளில் ஏற்றப்பட்டு, போலீஸ் காவலுடன் பீதம்பூர் எரியாலைக்குச் சென்றது. நாற்பது ஆண்டு தாமதித்து அந்தச் செலவும் ஒரு கணக்கில் ஏறியது. கார்பைடின் கணக்கில் அல்ல, டௌவின் கணக்கிலும் அல்ல. அரசாங்கக் கஜானாவின் கணக்கில்.