வடிவமைப்புக் கல்வியும் அறநெறியும்

மனிதன் ஒரு கருவியை இயக்குங்கால் அக்கருவி அவனுக்கு விடையிறுக்கும் முறையைத் திட்டமிடுதலே இடைவினை வடிவமைப்பு எனப்படும். வங்கிப் பொறியின் பொத்தான்களும் கைத்தொலைபேசித் திரையின் படிவங்களும் இதன்பாற்படும். இத்துறையைக் கற்பிக்குமிடத்து அறநெறியை இறுதி விரிவுரையாக மட்டும் வைத்தல் போதுமா, அன்றிப் பயிற்சி ஒவ்வொன்றினுள்ளும் அமைத்தல் வேண்டுமா என்பது ஆராயத்தக்கது.

2000ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலை நோக்குவோம். புளோரிடா மாநிலத்துப் பாம் பீச் மாவட்டத்தில், முதியோர் எளிதில் வாசிக்கும்படி எழுத்தைப் பெரிதாக்க விரும்பிய தேர்தல் அதிகாரி, வேட்பாளர் பெயர்களை எதிரெதிரான இரு பக்கங்களிற் பகுத்து அமைத்தார். துளையிடும் இடங்களோ நடுவே ஒரே நிரலில் இருந்தன. இடப்பக்கத்து இரண்டாம் பெயர் கோர் என்பாருடையது. ஆயின் இரண்டாந் துளை வலப்பக்கத்துப் பியூக்கானனுக்குரியது. கோருக்குரியது மூன்றாந் துளையே. பியூக்கானன் அம்மாவட்டத்தில் 3,407 வாக்குகள் பெற்றார். அவற்றுட் பல தமக்கென இடப்பட்டவை அல்ல என்பதை அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒன்றுக்கு மேற்பட்ட துளையிடப்பட்டமையால் 19,000க்கு மேற்பட்ட சீட்டுகள் செல்லாவாயின. மாநில முழுவதிலும் புஷ் முந்தியதோ 537 வாக்குகளால் மட்டுமே. அதிகாரியின் நல்லெண்ணம் தீங்கைத் தடுக்கவில்லை. வாக்காளர் சிலரைக்கொண்டு முன்னரே சோதித்திருப்பின் குறை புலப்பட்டிருக்கும்.

இதற்கு மறுதலையாக, திறமை மிக்கிருந்தும் நோக்கம் பழுதாவதுண்டு. சந்தாவிற் சேர்தல் ஓரழுத்தத்தில் முடிய, விலகுதலோ பல திரைகளுக்குப் பின் ஒளிந்திருக்கும். இத்தகைய தந்திரங்களுக்கு ஹரி பிரிக்னல் என்னும் ஆங்கிலேயர் 2010இல் ‘இருள் வடிவங்கள்’ எனப் பொருள்படும் பெயரை இட்டார். பயன்படுத்துவோரை ஏமாற்றும் அமைப்புகளை இணையத் தளங்களில் தடுக்கும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய சட்டத்திற் சேர்த்தது. எனினும், சட்டம் பெரும்பாலும் தீங்கின் பின்னரே வருவது. வரைபவன் மனமோ அதற்கு முன்னரே விழித்திருத்தல் வேண்டும்.

ஆகவே ஆசிரியர் செய்யத்தக்கது யாது? வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பற்றியா பிரீட்மன் வகுத்த விழுமிய வடிவமைப்பு முறை ஈண்டு வழிகாட்டும். கருவியைத் தொடுவோரை மட்டுமன்றி, தொடாமலே அதன் விளைவை அடைவோரையும் கணக்கிற் கொள்க என்பது அம்முறை. மருத்துவமனைப் பதிவேட்டுக் கணினியைத் தாதியும் வைத்தியரும் இயக்குவர். நோயாளி அதனைத் தொடுவதேயில்லை. பிழை நேரின் துன்புறுபவர் அவரே. மாணாக்கர் தம் வரைபடம் ஒவ்வொன்றோடும் இவ்விருவகையினரின் பட்டியலையும் இணைத்தல் வேண்டும். முதியோர், பார்வை குறைந்தோர் முதலியோரைக்கொண்டு வரைபடத்தைச் சோதித்தல் வேண்டும். சேர்வதற்கான படிகளையும் விலகுவதற்கான படிகளையும் எண்ணி ஒப்பிடுதல் வேண்டும். இவற்றுக்குப் புள்ளியும் வழங்கப்படுதல் வேண்டும். புள்ளி பெறாத அறம் மாணாக்கர்க்குப் பாடமாகத் தோன்றாதன்றோ?

ஒருவன் வரைந்த திரையை அவன் அறியாத பல்லாயிரவர் நாடோறும் தொடுவர். அவர்கள் எதிர்நின்று வினாவ இயலாதவர். அவர்தம் வினாவை வகுப்பறையிலே முன்கூட்டி எழுப்புதல் ஆசிரியர் கடனாகும்.